ஈரத் தரை

"மாதிரித் தேர்வுல நீதான் முதல் மார்க். ஆனா கட்டுரையில கோட்டை விட்டுட்டியே," என்றார் பயிற்சி மையத்தின் ஆலோசகர். கல்லூரி விண்ணப்பத்தோடு மாணவி அனுப்பவேண்டிய கட்டுரை அவர் கையில் இருந்தது. "ஈரத் தரை காய எவ்வளவு நேரம் ஆகும்னு ரெண்டு பக்கமா? இதை யார் படிப்பாங்க?"

"நானே அளந்து பாத்தது சார். காத்து, வெயில், தண்ணி எல்லாம் கணக்கு போட்டிருக்கேன்."

"படிக்கிறவங்க கண்ணு கலங்கணும்மா."

தரை துடைக்கும் பெண்மணி மாப்பும் வாளியுமாக உள்ளே வந்தார். யாரும் சொல்லாமலே மாணவி காலைத் தூக்கிக்கொண்டாள். ஆலோசகர் தூக்கவில்லை. மாப்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இப்படி எழுது. எங்கம்மா ஆபீஸ் ஆபீஸா தரை துடைக்கறாங்க. வீட்டுக்கு வந்து முதுகு வலியில அழறாங்க. அவங்களுக்காகத்தான் நான் படிக்கறேன். அப்புறம் பாரு, சீட் உனக்குத்தான்."

"எழுத மாட்டேன் சார்."

"பொய்னு பயமா? யாரும் வீட்டுக்கு வந்து பாக்கப் போறதில்ல."

"அம்மாவைப் பாவம்னு காட்டி எனக்கு சீட் வேண்டாம். அவங்க அழுது நான் பாத்ததே இல்ல."

"எதுக்கும் அம்மாவை ஒரு வார்த்தை கேளு. புத்தி இருந்தா சரின்னுதான் சொல்வாங்க."

மாணவி திரும்பினாள். "என்னம்மா சொல்ற?"

அந்தப் பெண்மணி மாப்பை நிதானமாகப் பிழிந்தார்.

"நான் எதுக்கு சார் அழணும்? காலைத் தூக்குங்க. தரை காய பதினோரு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் இறக்காதீங்க."