கிழிக்கப்பட்ட கடைசித் தாள்

2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. கீரனூருக்கு அருகிலுள்ள ஓர் ஊர்ப்புற நூலகத்தில், பழைய துப்பறியும் நாவல் ஒன்றின் கடைசித் தாள் காணப்படவில்லை. கிழிந்துவிட்டது என்று எழுதுவது பிழை. தாள் தானாகக் கிழியாது. கிழிக்கப்பட்டிருந்தது.

அதற்காக, டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்த எட்டாம் வகுப்புத் தேவிப்ரியாவை உள்ளே அழைத்து, அவளுடைய பையை மேசைமேல் கவிழ்த்தார்கள். பாடநூல்கள் விழுந்தன, ஜாமெட்ரி பாக்ஸ் விழுந்தது, பாதி தின்ற கடலை மிட்டாய் ஒன்றும் விழுந்தது. தாள் விழவில்லை.

"வீட்டுல எங்கிட்டாச்சும் ஒளிச்சு வச்சிருக்கும்," என்றார் உதயசூரியன். வருவாய்த்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தைய நாள் தேவிப்ரியா திருப்பித் தந்த நாவலை, அது அலமாரிக்குப் போகும் முன்பே இரவல் வாங்கிச் சென்றவர் அவர்தாம்.

"காலையில வீட்டம்மாவோட குடுமியான்மலைக் கோயிலுக்குப் போகையில பஸ்ஸுலயே பாதி முடிச்சிட்டேன், மேடம். திரும்பி வாரப்ப மிச்சத்தையும் படிச்சுக்கிட்டே வாரேன். கொலைகாரன் யாருன்னு தெரியிற எடம். தாளைத் திருப்புனா அட்டைதான் இருக்கு. வீட்டம்மாவ வீட்டுக்கு அனுப்பிட்டு நேரா இங்கிட்டுதான் வாரேன்."

படபடப்பு அடங்காமல் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துத் திருநீறு பூசிக்கொண்டார். நூலகர் பிரகதாம்பாளிடமும் நீட்டினார். "எடுத்துக்கங்க. வீட்டம்மா மடிச்ச பொட்டலம், ஒரு துளி சிந்தாது." பொட்டலம் மேசைமேலேயே இருந்தது.

"நான் கிழிக்கல, மேடம்," என்றாள் தேவிப்ரியா.

"நேத்து நீ குடுக்கையில பின்னாடி பிரிச்சுப் பாக்காம வாங்குனது என் தப்பு. ஆனா என்ன சொன்ன நீயி? கடைசிப் பக்கத்தை மட்டும் வீட்டுலயே வச்சுக்கலாம் போல இருக்குன்னு சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன், மேடம். ஆசையில சொன்னது."

அவள் ஆசை ஊரறிந்தது. நாவலின் கதையைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னவள். முடிவை மட்டும் சொல்லாமல், "போய்ப் படிங்க" என்று அனுப்பியவள்.

வயலிலிருந்து வரவழைக்கப்பட்ட அவள் தந்தை சேவுகன், காலில் சேறு இருந்ததால் வாசலிலேயே நின்றார்.

"பாடப் புஸ்தகத்தைத் தவிர எதையும் தொடாதன்னேன். கேட்டியா? மேடம், அந்தக் கார்டை வாங்கி வச்சுக்கிருங்க. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டா."

உறுப்பினர் அட்டை போனால் அவளுக்கு வேறு புத்தகம் கிடையாது. பாடநூல்களை விட்டால், அவர்கள் வீட்டிலிருந்த அச்செழுத்து தினசரி நாட்காட்டி ஒன்றுதான்.

"அப்பா, கார்டு வேணாம்னு சொல்லாதீங்கப்பா." அவள் பிரகதாம்பாளின் பக்கம் திரும்பினாள். "அந்தத் தாளு எனக்கு எதுக்கு, மேடம்? எனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே." ஒப்பித்தாள்: "'விளக்கை அணைத்தவர் மணியக்காரர் அல்லர். விளக்கே அங்கு இருந்ததில்லை. இருட்டில் கொலையைக் கண்டதாகச் சாட்சி சொன்ன வைத்தியர் மெல்ல எழுந்தார்...'"

"போச்சு. கொலைகாரன் வைத்தியன்னு எனக்குச் சொல்லிப்புட்டா," என்றார் உதயசூரியன். "பாத்துக்கங்க, மேடம். தாளு கையில இல்லாம இப்படி ஒப்பிக்க முடியுமா? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

தன் குற்றமின்மையை நிறுவ அவள் ஒப்பித்ததே அவளுக்கு எதிரான சான்றாயிற்று.

"மேடம், இனிமே வெளிய எடுத்துட்டுப் போகல. இங்கயே ஒக்காந்து படிச்சுட்டு வச்சுர்றேன். கார்டை மட்டும் வாங்காதீங்க."

பிரகதாம்பாள் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார். "குடும்மா."

வியர்வையில் நனைந்திருந்த அட்டையை மேசைமேல் வைத்தாள். அழுவது தெரியாமலிருக்கக் குனிந்தாள். குனிந்த தலை வெகுநேரம் நிமிரவில்லை.

"அழுது ஆகப்போறது ஒண்ணுமில்ல, பாப்பா," என்றபடி உதயசூரியன் தம் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார்.

தேவிப்ரியா அதன்மேல் தன் விரலை வைத்தாள்.

"'விளக்கே அங்கு' வரைக்கும் வெளிய தெரியுது, சார். மிச்சத்தைப் பிரிச்சுக் காட்டுங்க."

வாசகரே, ஒரு குழந்தையின் பையைக் கவிழ்க்கும் முன், உங்கள் சட்டைப்பையை முதலில் கவிழ்த்துக் காட்டுங்கள்.