பீச்சாங்கை முடிச்சு

இடது முழங்கையில் ஆபரேஷன் முடிந்து, மாவுக்கட்டோடு காத்திவாக்கம் குப்பத்து வீட்டில் படுத்திருந்தான் தேசப்பன். கை அசைந்தால் உள்ளே வைத்த ஸ்க்ரூ நழுவும், அப்புறம் கடல் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சுவரோரம் தொங்கிய வலையின் கிழிசல் மட்டும் தினமும் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே வந்தது. புது முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் திரும்பியிருந்தன. குப்பத்தில் அதைப் பீச்சாங்கை முடிச்சு என்பார்கள். இடது கைப் பழக்கம் உள்ளவன் போடுவது; குப்பத்தில் அப்படி அவன் ஒருவன்தான்.

"நான் மீன் விக்கப் போனதும் வலைய எடுத்துக்கினு குந்திக்கிறியா? கை போய்டும்யா," என்றாள் அவன் மனைவி நர்மதா.

"சத்தியமா தொடல. தூக்கத்துல எதுனா பண்றனா இன்னான்னு தெர்ல. கைய ஜன்னல்ல கட்டிட்டுப் போ."

இடது கையை ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டுப் போனாள். மாத்திரை மயக்கத்தில் அவன் தூங்கிப்போனான்.

விழித்தபோது வலையில் கிழிசலே இல்லை. ஜன்னல் கம்பியில் அவள் போட்ட கட்டு அப்படியே இருந்தது. தான் செய்யவில்லை என்ற நிம்மதியில் எழப் பார்த்தான். முடியவில்லை. அவனுடைய வலது கையும் கட்டில் காலோடு கட்டப்பட்டிருந்தது. நீல வலை நூலில், இடப்பக்கம் திரும்பிய அதே முடிச்சு.