வரைபடத்தில் நீண்ட வால்

"அஞ்சு மணியோட ஆட்சேபம் சொல்ற நேரம் முடியுதாம். மணி நாலே முக்கால், அண்ணி!" நாத்தனார் பறந்தாள்.

தையல்காரிக்கு அவசரத்தைவிடக் கோபம்தான் அதிகம். மழை பெய்தால் அவள் வீட்டுக்குள் முழங்கால் அளவு சாக்கடை. போன தடவை தையல் மெஷினே மூழ்கிவிட்டது. இந்தக் கழிவுநீர்த் திட்டம் ஒழுங்காக வந்தால்தான் பிழைப்பு.

கூட்ட அறையில் சுவரை அடைத்துக்கொண்டு வரைபடம். ஏழு ஊருக்கும் சேர்த்து ஒரே கழிவுநீர் மண்டலம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரே வாரியம். சிவப்புக் கோடுதான் எல்லை.

"ஐயா, ஆத்தோரமா நேரா வர்ற கோடு, இங்க மட்டும் ஏன் வாலை நீட்டுது?" என்று கேட்டாள் தையல்காரி.

திட்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திட்டத்துக்குத் தேவைம்மா."

"யார் தேவைக்கு? அங்க இருக்கிறதே பத்து வீடு. அதுல ஒண்ணு உங்க மாமனார் வீடு. இல்லேன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

அறையே கொல்லென்று சிரித்தது. "அப்படிப் போடுக்கா!" என்றது பின்வரிசை.

"இல்லேன்னு சொல்லலையே."

"கேட்டுக்குங்க எல்லாரும்! மாமியார் மனசு குளிர அங்க குழாயை இழுத்துட்டுப் போவாரு. எங்க தெருவுக்கு வரும்போது குழாய் தீர்ந்துபோச்சுன்னு கையை விரிப்பாரு."

நாத்தனார் முழங்கையால் இடித்தாள். "போதும் அண்ணி."

"நீ சும்மா இருடி. ஐயா, அந்த வாலை வெட்டுங்க. வெட்டாம இங்கேருந்து நகர மாட்டேன்."

"வெட்டிடலாம். சுத்திகரிப்பு நிலையத்தை எங்கேம்மா கட்டறது? அது எல்லைக்குள்ளதானே இருக்கணும்?"

"எங்கேயாவது கட்டுங்க. அதையும் நானா சொல்லணும்?"

அவர் மேஜைமேல் இருந்த மனுக்கட்டிலிருந்து ஒன்றை உருவி அவள் முன்னால் வைத்தார். 'எங்கள் தெருப் பக்கம் சுத்திகரிப்பு நிலையம் வேண்டவே வேண்டாம். நாற்றம் தாங்காது.' கீழே முதல் கையெழுத்து அவளுடையது.

அவள் மனுவை மடித்து நாத்தனார் கையில் திணித்தாள்.

"ஏழு ஊரும் இதையேதான் எழுதிக் குடுத்திருக்கு. கடைசியில மாமனார் காலைப் பிடிச்சேன். அவர் வீட்டு வாசலுக்கு எதிர்லதான் நிலையம் வருது" என்றார் அதிகாரி. "மூணு நாளா வீட்ல ஒருத்தரும் என்கிட்டப் பேசறதில்லை. நீங்களாவது பேசுங்கம்மா."