நஞ்சுண்டன் கையெழுத்து

கிணத்துக்கடவு தேங்காய் வியாபாரி நஞ்சுண்டன் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்வாங்க மாட்டார். அவர் மகள் புவனாவும், அவளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கும் தனபாலும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது கூடுதல் தைரியம்.

தினம் ஒரு வார்த்தை, அர்த்தம், உதாரண வாக்கியம். கொடுத்த ஃபீஸுக்குப் பாடம் நடந்ததா என்று நோட்டைப் பார்த்து, நஞ்சுண்டன் கையெழுத்துப் போடுவார்.

அன்று நூறாவது பக்கம்.

"என்ன வார்த்தை அம்மணி?"

"கன்சென்ட்டுங்கப்பா. சம்மதம்னு அர்த்தம்."

"வாக்கியம் நீளமா இருக்குதே?"

"சம்மதத்தை வெவரமா எழுதோணுமுங்கப்பா."

'என் மகள் புவனாவைத் தனபாலுக்குக் கல்யாணம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள்.

நஞ்சுண்டன் நிதானமாக எழுதி, நோட்டை மூடிக் கொடுத்தார்.

எஸ்.டி.டி. பூத் மாடியிலிருந்த டியூஷனுக்குப் புவனா ஓடினாள். "ஏனுங்க சார், அப்பா போட்டுட்டாருங்க!"

தனபால் திறந்தான். கையெழுத்து இருந்தது. அதன் கீழே, கோணல்மாணலான இங்கிலீஷில் நூற்றியோராவது வார்த்தையும் இருந்தது.

'கண்டிஷன். அர்த்தம்: நிபந்தனை. உதாரணம்: தொண்ணூற்றொன்பது பக்கம் கையெழுத்துப் போட்டே இவ்வளவு கற்றுக்கொண்டேன். மீதியை மாப்பிள்ளை ஃபீஸ் வாங்காமல் சொல்லித்தர வேண்டும்.'