கடலோரத்துக்கு ஒரே தண்டவாளம்

மேசை மேலிருந்த பலகையில் ஒரு பொம்மைத் துறைமுகம் அமைக்க வேண்டும் என்று கிரேன் முடிவு செய்தது. பென்சிலைக் கூப்பிட்டு வரையச் சொன்னது. சரக்குப் பெட்டிகளை இழுக்கப்போகிற குட்டி எஞ்சின் சிட்டுவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிட்டு தானே போய்ப் பென்சில் வரைந்ததை எட்டிப் பார்த்தாள். கடலோரம் வரை ஒரே தண்டவாளம், அதன் முடிவில் ஒரு தடுப்புக்கட்டை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிரேன் அண்ணே, பெட்டிங்களை உங்க காலடியில விட்டுட்டு அடுத்ததைக் கொண்டுவர நான் எப்படிப் போறது? முன்னால கட்டை, பின்னால பெட்டி! பக்கத்துல இன்னொரு தண்டவாளம் வேணாமா?"

"அங்கே கலங்கரை விளக்கம் வருதும்மா. பார்க்க லட்சணமா இருக்கணுமில்ல?"

"கப்பல்ல லட்சணத்தையா ஏத்தப் போறீங்க?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் வாக்குவாதம்!"

தண்டவாளத்தை ஒட்டுவதற்கு முன் ஒத்திகை நடந்தது. சிட்டு பெட்டிகளை இழுத்துப்போய், தடுப்புக்கட்டையில் மூக்கை வைத்து நின்றாள். எதிரே நீலச் சாயம் பூசிய கடல். அவள் கடலைப் பார்ப்பது இதுதான் முதல்முறை. நன்றாகத்தான் இருந்தது.

"அடுத்த சரக்கு எங்கே?" என்று கத்தியது கிரேன்.

"அது அந்தக் கோடியில இருக்கு, நான் இந்தக் கோடியில இருக்கேன். நடுவுல உங்க பெட்டிங்க நிக்குது, அண்ணே."

கிரேன் பெட்டிகளையும் தடுப்புக்கட்டையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பென்சிலைப் பார்த்துத் தலையசைத்தது. பென்சில் தலைகீழாகத் திரும்பி, தன் ரப்பரால் கலங்கரை விளக்கத்தை அழித்தது. நேரே சிட்டுவிடம் வந்தது.

"புதுத் தண்டவாளம் எங்கேயிருந்து பிரியணும்? நீயே சொல்லும்மா."

"சொல்றேன், இரு," என்றாள் சிட்டு. "இன்னும் கொஞ்சம் கடலைப் பார்த்துக்கறேன்."