குடலுக்கா, நரம்புக்கா

ஜெசிந்தாவின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அவள் உடம்பையே தாக்கின. மாதம் ஓர் ஊசி போட்டு அவற்றை ஏதாவது ஒரு பக்கம் திருப்பிவிட மட்டுமே முடிந்தது. குடலுக்குப் போனால் கஞ்சியைத் தவிர எதுவும் தங்காது. நரம்புக்குப் போனால் விரல்கள் மரத்துவிடும். கணவன் மரியதாஸுக்குக் காது கேட்காது. அவனோடு கைச்சைகையில்தான் பேச்சு என்பதால் அவள் எப்போதும் குடலையே சொன்னாள். உடம்பில் எலும்புதான் மிச்சம்.

"இந்த மாசமும் குடலுக்குத்தானேக்கா?" என்றாள் நர்ஸ்.

தலையசைக்கப் போனவளை மரியதாஸ் தடுத்தான். "இந்தத் தடவ நீ சாப்பிடு. நான் பேசுறேன்," என்று சைகையில் சொன்னான்.

ஜெசிந்தா சம்மதித்தாள். ஆனால் ஒரு மாதத்துப் பேச்சை அவள் விரல்களால் பேசி முடிக்கும்வரை நர்ஸ் ஊசியோடு காத்திருக்க வேண்டியிருந்தது.