மவுஸ் பிடித்த கை

கணினிகள் வந்து சேரவில்லை. பயிற்சி மட்டும் வந்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த பொன்னரசு கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு திரையை வரைந்து, அதற்குள் ஒரு முக்கோணத்தையும் போட்டார்.

"உச்சியை மவுசால பிடிச்சு இழுங்க. கோணம் மாறும், கூட்டுத்தொகை மாறாது. பாத்தீங்களா?"

முக்கோணம் அசையாமல் கிடந்தது.

"பாத்தோம் சார்" என்றார்கள் கணக்கு ஆசிரியர்கள்.

அவர்களோடு உட்கார்ந்திருந்த செல்வக்கனி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிரூபிக்காமல் ஒரு வரி எழுதினாலும் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைக்கிறவள் அவள்.

சாயங்காலம் மேலிடத்துக்குப் படம் அனுப்ப வேண்டியிருந்தது. "எல்லாரும் மவுஸ் பிடிச்ச மாதிரி கையை வச்சுக்கோங்க" என்று பொன்னரசு செல்போனைத் தூக்கினார். வெறும் மேசைகளின்மேல் வலது கைகள் வரிசையாகக் கவிழ்ந்தன. தன் கையும் கவிழ்ந்திருப்பதைச் செல்வக்கனி அப்போதுதான் பார்த்தாள். சொடுக்குவதற்குத் தயாராக ஆள்காட்டி விரல்கூட லேசாகத் தூக்கி நின்றது. சீ என்றிருந்தது.

கையைப் புரட்டி, உள்ளங்கை தெரிய வைத்தாள்.

"மேடம், கையைக் கவுத்துங்க. உள்ள ஒண்ணுமே இல்லன்னு படத்துல தெரியுது."

"சரியாத்தான் சார் தெரியுது. எடுங்க."

பொன்னரசின் விரல் செல்போனுக்குமேல் அந்தரத்தில் நின்றது.